'ஹாவ்' படுத்தும் பாடு

எச், ஏ, வி, ஈ என்று நான்கே எழுத்துக்கள். இங்கிலீஷ் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் வருஷத்திலேயே எழுதிப் பழகிவிடும் சொல் அது. 'ஹாவ்' என்றால் என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "இருக்கிறது" என்றோ, "வைத்திருக்கிறேன்" என்றோ பதில் வந்துவிடும். அவ்வளவு சுலபமான சொல். ஆனால், "எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்பதை இங்கிலீஷில் சொல்லும்படி அதே குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்று தயங்காமல் சொல்லும். குழந்தையை ஏன் கேட்க வேண்டும்? அதன் தகப்பனாரையே கேளுங்கள். காரியாலயத்தில் இருபது வருஷம் இங்கிலீஷில் கடிதம் எழுதிப் பழகியவராக இருப்பார். அவரும் 'ஐ ஆம் ஹாவிங்' என்றுதான் ஆரம்பித்தாலும் ஆரம்பிப்பார். 'ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்' என்பதே சரி என்று யாராவது திருத்தினால், "இரண்டுக்கும் என்ன ஸார் பெரிய வித்தியாசம்?" என்பார்.

ஹைஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த ஒரு பிழையை எத்தனை ஆயிரம் தடவை சிவப்பு மசியால் அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அடித்தேனே ஒழிய, இது ஏன் வருகிறது என்று நெடுநாள் வரையில் நான் யோசித்ததே இல்லை. கவனக்குறைவு என்று நினைத்தேன். சில சமயம் மந்த புத்தி என்றும் நினைத்ததுண்டு. அந்த நினைப்பு மாறியதற்குக் காரணம் ஒரு லீவுக் கடிதம்.

சில வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு கடிதத்தை நீட்டினான். 'மை சிஸ்டர் இஸ் ஹாவிங் எ பேபி அண்டு மை மதர் இஸ் ஹாவிங் ஃபீவர்' என்று அதில் எழுதியிருந்தது. அவன் சொல்ல வந்தது இதுதான்: அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, அம்மாவோ காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறாள், ஆகையால் வீட்டு வேலைக்கு அவன் வேண்டியிருந்தது. ஆனால் இங்கிலீஷ்காரன் அதைப் படித்தால், அக்கா பிரசவ வேதனையில் இருக்கிறாள் அல்லது கர்ப்பமாக இருக்கிறாள் என்றுதான் அர்த்தம் செய்துகொள்வான். 'ஹாஸ் எ பேபி' என்றால் குழந்தை இருக்கிறது. 'இஸ் ஹாவிங் எ பேபி' என்றால் குழந்தை பிறக்கப் போகிறது. இவ்வளவு நல்ல உதாரணம் கையில் கிடைத்தால் உபாத்தியாயர் விடுவாரா? வகுப்பு முழுவதும் கேட்கும்படி கடிதத்தை உரக்கப் படித்தேன். "அடடா! பிரசவம் சுகமாக நடந்ததா? ஆணா, பெண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லை ஸார், குழந்தைக்கு ஒரு வயசு ஆகிறது" என்றான் அவன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். பையன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு மாத காலம் இங்கிலீஷ் வகுப்பில் அவன் வாயையே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், தரையைப் பார்ப்பான், உட்காரச் சொன்னால் உட்காருவான். மற்ற பாடங்களில் கெட்டிக்காரன். கணக்கு வாத்தியார் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் முள் தைத்தது போல் இருக்கும்.

ஏனென்றால், இதே சிரிப்பை நான் சிறு வயதில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். என் தகப்பனார் ஒரு மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சிப்பந்திகளுக்கென்று கட்டியிருந்த வீடுகளில் ஒன்றை ஒதுக்கித் தரும்படி தம் கைப்படவே இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பதினோரு வயது, கூடப் போயிருந்தேன். 'ஐ ஆம் ஹாவிங் ஒய்ஃப் அண்டு ஃபோர் சில்ரன்' என்று எழுதியிருந்தார். அதிகாரி அந்த வரியை உரக்கப் படித்தார். பிறகு அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இதைக் கேளும். இவர் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம்!" என்றார். 'ஹாவிங் காப்பி', 'ஹாவிங் டிபன்' என்பது போல் 'ஹாவிங் ஒய்ஃப்' என்பது அவருடைய ஹாஸ்யம். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன். அப்பா சிரித்ததை மறக்க முடியவில்லை. அன்று முதல் அவர் இங்கிலீஷில் ஒரு வரியும் எழுதவில்லை. "நீ எழுதிவிடு, தம்பி" என்று என்னிடம் கொடுத்துவிடுவார். நான் இங்கிலீஷ் வாத்தியார் ஆனதற்கு அதுவே மூல காரணமாக இருந்தாலும் இருக்கலாம்.

நிற்க. அப்பாவும் அந்தப் பையனும் மந்த புத்திக்காரர்கள் அல்ல. பின் ஏன் இருவரும் ஒரே இடத்தில் இடறினார்கள்? இதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்த விஷயம் இதுதான்: தமிழில் 'ஹாவ்' என்ற சொல்லே கிடையாது!

வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். நமக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமல்ல. நமக்கு எல்லாம் இருக்கிறது. அந்த 'இருக்கிறது' என்பதுதான் சூட்சுமம். இங்கிலீஷில் மனிதன் எஜமானன்; அவன் பொருளை 'ஹாவ்' செய்கிறான். தமிழிலோ பொருள்தான் எழுவாய். அது மனிதனுக்கு இருக்கிறது. 'எனக்கு வீடு இருக்கிறது' என்ற வாக்கியத்தில் 'இருக்கிறது' என்னும் வினையைச் செய்வது வீடே தவிர நான் அல்ல. 'உடையேன்' என்ற சொல் நம்மிடம் உண்டே என்று பண்டிதர்கள் சொல்லலாம். உண்டு, செய்யுளில் அழகாகவே இருக்கும். ஆனால், "நான் இரண்டு தம்பிகளை உடையேன்" என்று வீட்டில் யாராவது சொன்னால், பேயை ஓட்ட ஆள் கூப்பிடுவார்கள்.

அதோடு நம் பாஷை இன்னும் ஒரு நுட்பம் செய்கிறது. 'எனக்குத் தம்பி இருக்கிறான்' என்றால் உறவு. 'என்னிடம் தம்பி இருக்கிறான்' என்றால் அவன் என் வீட்டில் தங்கியிருக்கிறான் என்று அர்த்தம். பணமானால் 'என்னிடம்' இருக்கும். காய்ச்சலானால் 'எனக்கு' இருக்கும். நான்காம் வேற்றுமைக்கு உள்ள பொருள்களில் 'முறை' என்று ஒன்றை, அதாவது உறவு முறையை, நன்னூல் செய்த பவணந்தி முனிவர் தனியாகவே எண்ணி வைத்திருக்கிறார். இத்தனை வேறுபாடுகளையும் இங்கிலீஷ் ஒரே 'ஹாவ்' என்ற சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. தம்பியும் 'ஹாவ்', பணமும் 'ஹாவ்', காய்ச்சலும் 'ஹாவ்'. தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் ஒருவர், "என்னிடம் காய்ச்சல் இருக்கிறது, உனக்கு வேண்டுமா?" என்று கேட்கக்கூடிய அபாயம் இதனால்தான் ஏற்படுகிறது.

இதில் நாம் தனியாகவும் இல்லை. ஹிந்தியில் தம்பிகளுக்கு 'மேரே', பணத்துக்கு 'மேரே பாஸ்', காய்ச்சலுக்கு 'முஜே' என்று மூன்று விதம். ருஷ்யர்கள் பேச்சு வழக்கில் 'என்னிடம் இருக்கிறது' என்ற பாணியில்தான் சொல்கிறார்கள். பின்லாந்து பாஷையிலும் அப்படியே. பழைய லத்தீனில் 'எனக்கு இருக்கிறது' என்று நம்மைப் போலவே சொல்லும் வழக்கமும் இருந்தது. இங்கிலீஷ்காரனுக்கு அடுத்த வீடான அயர்லாந்தின் சொந்தப் பாஷையிலும் 'ஹாவ்' கிடையாது. ஐரிஷ்காரர்கள் இங்கிலீஷ் பேசும்போது, 'ஐ ஹாவ் ஜஸ்ட் சீன் ஹிம்' என்பதற்குப் பதிலாக 'ஐ ஆம் ஆஃப்டர் ஸீயிங் ஹிம்' என்பார்கள். அவர்கள் தாய்மொழியின் வாக்கிய அமைப்பு இங்கிலீஷுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது. அதை எழுத்தாளர்கள் அருமையென்று நாடகங்களில் எழுதினார்கள். நம் 'ஐ ஆம் ஹாவிங்' மட்டும் சிரிப்புக்கு ஆளாயிற்று! இக்காலத்தில் பாஷை ஆராய்ச்சியாளர்கள், இந்தியர்களின் இங்கிலீஷுக்கு உரிய அடையாளங்களில் ஒன்றாக இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் ஆராய்ச்சியாளர் அல்லவே; ஆகையால் திருத்திக்கொள்வதே உத்தமம்.

'ஹாவ்' சரி, 'ஹாவிங்' எங்கிருந்து வந்தது? இதில் பாதிக் குற்றம் உபாத்தியாயர்களாகிய எங்களுடையது. 'செய்கிறேன்' என்றால் 'டு', 'செய்துகொண்டிருக்கிறேன்' என்றால் 'டூயிங்' என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு எழுதிவிடுகிறோம். முதல் கட்டம் தினசரிப் பழக்கத்துக்கு, இரண்டாவது கட்டம் இப்போது நடப்பதற்கு என்றும் சொல்லிவிடுகிறோம். பையன் யோசிக்கிறான்: 'அம்மாவுக்குக் காய்ச்சல் தினசரிப் பழக்கம் அல்ல, இப்போதுதான் இருக்கிறது. ஆகவே இரண்டாவது கட்டம்!' அவன் தர்க்கத்தில் பிழையே இல்லை. அதோடு, 'அவர் கடை வைத்துக்கொண்டிருக்கிறார்' என்று ஊரெல்லாம் பேசுவதையும் கேட்டிருக்கிறான். அதை அப்படியே பெயர்த்தால் 'ஹீ இஸ் ஹாவிங் எ ஷாப்' என்பதைத் தவிர வேறு என்ன வரும்?

நாங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. செயலைக் குறிக்கும் வினை வேறு, நிலையைக் குறிக்கும் வினை வேறு. ஓடுவது, எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் செயல். தெரிந்திருப்பது, பிடித்திருப்பது, சொந்தமாயிருப்பது எல்லாம் நிலை. செயலுக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு. ஆகையால் நடுவில் பிடித்து 'இங்' போடலாம். தம்பி இருப்பதற்கு நடுவேது?

இதைச் சொன்னால் வகுப்பில் யாருக்கும் ஏறவில்லை. வேறு வழியில் முயன்றேன். ஒரு நாள் கரும்பலகையில் தமிழிலேயே, 'எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதி, படிக்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் கீழே, 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எழுதினேன். இன்னும் பெரிய சிரிப்பு. "என்ன தப்பு?" என்றேன். "தப்பு என்னவென்று சொல்லத் தெரியவில்லை ஸார், காதுக்குச் சகிக்கவில்லை" என்றாள் ஒரு பெண். "நீங்கள் 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்று சொன்னால் இங்கிலீஷ்காரன் காதுக்கும் இப்படித்தான் இருக்கும். அவன் விதி நம்மிடமும் இருக்கிறது. உங்களுக்கு அது பிறந்தது முதல் தெரியும்" என்றேன். பிறகு, லீவுக் கடிதம் எழுதிய பையன் பக்கம் திரும்பி, "அன்றைக்கு நான் சிரித்தது தப்பு, தம்பி. நீ தமிழைச் சரியாக வைத்து எழுதினாய், நான்தான் அதைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்துவிட்டேன்" என்றேன்.

வகுப்பு நிசப்தமாகிவிட்டது. அவன் அன்றும் தரையைத்தான் பார்த்தான். மூன்று நாள் கழித்து, எல்லோரும் வெளியே போன பிறகு மேஜையருகில் வந்து நின்று, மிகவும் சிரமப்பட்டு, "மை சிஸ்டர் ஹாஸ் எ பேபி, ஸார்" என்றான். "குழந்தை இப்போது என்ன செய்துகொண்டிருக்கும்?" என்று தமிழில் கேட்டேன். சற்று யோசித்தான். "ஹாவிங் மில்க், ஸார்" என்றான்.

அவன் சொன்ன இரண்டாவது வாக்கியத்தில்தான் 'ஹாவிங்' தன் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடுவது, குடிப்பது, குளிப்பது, ஓய்வெடுப்பது போன்ற செயல்களின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு 'ஹாவ்' வரும்போது தாராளமாக 'இங்' சேர்க்கலாம். 'ஐ ஆம் ஹாவிங் மை காப்பி' என்றால் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன். 'ஹீ இஸ் ஹாவிங் எ பாத்' என்றால் குளித்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்பதற்கு 'வீ ஆர் ஹாவிங் கெஸ்ட்ஸ் டுமாரோ' என்பதும் நல்ல இங்கிலீஷே. வீடு, வாசல், பணம், பேனா, அண்ணன், தங்கை, தலைவலி, சந்தேகம் இவற்றுக்கெல்லாம் வெறும் 'ஹாவ்' போதும். சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கொண்டிருக்கிறேன்' இயல்பாக ஒட்டினால் 'ஹாவிங்'. 'இருந்துகொண்டிருக்கிறது' என்று இளித்தால் 'ஹாவ்'. மேலே சொன்ன கடைக்காரரைப் போன்ற ஆசாமிகளிடம் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. 'வைத்துக்கொண்டிருக்கிறார்' என்ற சொல் வந்தால் ஜாக்கிரதை! அங்கே 'ஹாஸ் எ ஷாப்' என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகள், 'பேனா இருக்கிறதா?' என்பதை 'பென் இஸ் தேர்?' என்று பெயர்ப்பார்கள். பழைய பாடப் புத்தகங்களில் 'ஹாவ் யூ எ பென்?' என்று இருக்கும். இன்று அப்படிக் கேட்டால் தாத்தா காலத்துத் தலைப்பாகையைப் போல் தோன்றும். 'டு யூ ஹாவ் எ பென்?' என்பதே இக்கால வழக்கு. 'டஸ்' வந்தாலும் 'டிட்' வந்தாலும் பின்னால் 'ஹாவ்' மாறாது. 'டஸ் ஷீ ஹாஸ்' என்பதும் 'டிட் யூ ஹாட்' என்பதும் ஒரே தலைக்கு இரண்டு குல்லாய்.

இனி 'ஹாவ்' செய்யும் இரண்டாவது உத்தியோகத்துக்கு வருவோம். வேறு வினைகளுக்குத் துணையாக நின்று, நடந்து முடிந்ததைச் சொல்லும் உத்தியோகம் அது: 'ஐ ஹாவ் ரிட்டன் தி லெட்டர்', கடிதம் எழுதியிருக்கிறேன். கைவசம் இருப்பதைச் சொல்லும் வார்த்தைக்கு இங்கே என்ன வேலை? இதன் பூர்வ கதை சுவாரசியமானது. பழைய இங்கிலீஷில் 'ஹாவ்' என்பது 'ஹாபன்' என்று இருந்தது. ஜெர்மன் பாஷையின் 'ஹாபென்' அதற்கு உடன்பிறப்பு. லத்தீனில் இருக்கும் 'ஹாபேரே' பார்ப்பதற்கு அசல் இரட்டைப் பிறவி போல இருந்தாலும் ஒட்டும் உறவும் இல்லை. உண்மையான லத்தீன் உறவு 'காபெரே' என்ற சொல். 'கைப்பற்று' என்று அதற்கு அர்த்தம். 'காப்சர்' என்ற இங்கிலீஷ் சொல் அதன் வழியில் வந்ததே. ஆதியில் இங்கிலீஷ்காரன், 'கடிதத்தை எழுதப்பட்ட நிலையில் என் கையில் வைத்திருக்கிறேன்' என்ற பொருளில்தான் சொன்னான். நாளடைவில் கை மறைந்துபோய், எழுதி முடித்ததே பொருளாக நின்றது. நாம், 'கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்' என்று சொல்லவில்லையா? அதே வழிதான்.

இன்னும் ஒரு விசேஷம். வருவது, போவது போன்ற வினைகளுக்கு இங்கிலீஷ்காரர்கள் முற்காலத்தில் 'ஹாவ்' போடுவதில்லை. நம்மைப் போல 'இரு' என்பதைத்தான் போட்டார்கள். 'ஹீ இஸ் கம்', அதாவது 'வந்து இருக்கிறார்'. 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பைபிள் மொழிபெயர்ப்பில் இந்த மாதிரிப் பிரயோகம் ஏராளம். 'ஹீ இஸ் கான்' என்பது மட்டும் இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கிறது. மற்ற இடங்களையெல்லாம் பின்னால் 'ஹாவ்' ஆக்கிரமித்துவிட்டது.

'வந்திருக்கிறேன்' என்றால் 'ஐ ஹாவ் கம்' என்று ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறதே, பின் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். பொருந்துவது போலத் தோன்றுவதுதான் கஷ்டம். காலையில் கதவைத் திறக்கிறோம், வாசலெல்லாம் ஈரம். "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். பெய்ததை நாம் பார்க்கவில்லை. ஈரத்தைக் கொண்டு ஊகித்தோம். தமிழில் 'இருக்கிறது' இந்த ஊகத்தையும் சுமக்கும். 'ராத்திரி' என்ற காலத்தையும் சகித்துக்கொள்ளும். இங்கிலீஷ் 'ஹாவ்' சகித்துக்கொள்ளாது. 'இட் ஹாஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்பது பிழை. நேற்று, போன வாரம், 1947-இல் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹாவ்' எழுந்து போய்விட வேண்டும்: 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்'. ஊகம்தான் முக்கியம் என்றால், 'இட் மஸ்ட் ஹாவ் ரெயின்ட்' என்று சொல்லலாம்.

'ஹாட்' விஷயமும் இப்படியே. "நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்" என்று சொல்கிறோம். போய்விட்டுத் திரும்பியும் வந்தாயிற்று என்பது அதில் அடக்கம். வெகு அழகான பிரயோகம். ஆனால் அதை 'ஐ ஹாட் கான் டு மதுரை எஸ்டர்டே' என்று பெயர்த்தால், இங்கிலீஷ்காரன் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பான். 'ஹாட் கான்' என்றால் வேறொன்று நடப்பதற்கு முன்னே போயிருந்தார் என்று அவனுக்கு அர்த்தம். 'நீ போயிருந்தாய், சரி; அப்புறம் என்ன நடந்தது?' என்று அவன் மனம் கேட்கும். 'ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே' என்றால் விஷயம் முடிந்தது. நான் வீடு சேருமுன் ரயில் போய்விட்டது, விருந்தாளி சாப்பிட்டுவிட்டார் என்று இரண்டு சம்பவங்களை முன்பின்னாகக் கோக்கும்போதே 'ஹாட்' வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று வீட்டிலுள்ள தாய்மார்கள் நினைக்கக்கூடும். வெளியூரில் தமிழ் தெரியாத டாக்டரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தால் தெரியும். 'இரண்டு நாளாகக் காய்ச்சல் இருக்கிறது' என்பதை, 'ஷீ இஸ் ஹாவிங் ஃபீவர் ஸின்ஸ் டூ டேஸ்' என்று சொல்வது நம் வழக்கம். டாக்டர் புரிந்துகொள்வார், மருந்தும் கொடுப்பார். சரியாகச் சொல்வதானால் 'ஷீ ஹாஸ் ஹாட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்'. 'ஹாஸ் ஹாட்' என்று ஒரே சொல் இரண்டு தரம் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். முதலாவது வெறும் துணை. இரண்டாவதுதான் காய்ச்சலைச் சுமக்கிறது. இரண்டு நாள் என்று அளவைச் சொன்னால் 'ஃபார்'. திங்கட்கிழமை முதல் என்று தொடக்கத்தைச் சொன்னால் 'ஸின்ஸ்'.

'ஹாவ் டு' என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 'போக வேண்டியிருக்கிறது' என்பது 'ஐ ஹாவ் டு கோ'. இங்கேயும் பாருங்கள், நம் 'இருக்கிறது' வந்து நிற்கிறது! உச்சரிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஐ ஹாவ் டூ புக்ஸ்', இரண்டு புத்தகம் இருக்கிறது என்னும்போது 'வ்' என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். 'ஐ ஹாவ் டு கோ' என்னும்போது அது 'ஹாஃப் டு' என்று மாறிவிடும். எழுத்தில் மாற்றமில்லை, காதில்தான். இதைச் சொல்லித்தரும் புத்தகம் எதுவும் நான் படித்த காலத்தில் என் கைக்கு எட்டவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவின் தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய ரசீதுகளுக்கு நடுவே அந்த விண்ணப்பத்தின் நகல் அகப்பட்டது. முத்து முத்தான கையெழுத்து. ஒரு எழுத்துக்கூட அடித்தல் திருத்தல் இல்லை. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார்.

"இதில் எதற்காக அன்றைக்குச் சிரித்தார்கள்? இத்தனை வருஷமாக உன்னைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்" என்றார்.

தமிழில் 'ஹாவ்' இல்லாத கதையை ஆதியிலிருந்து சொன்னேன். 'இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று வந்தபோது சிரித்தார். இது வேறு சிரிப்பு.

"அப்படியானால் 'ஐ ஹாவ் எ ஒய்ஃப்' என்று எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், அப்பா."

காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். "வீடு என்னவோ கொடுத்துவிட்டான்" என்றார். ஆமாம், கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தோம்.